ஒரு முழம் ஈரத்துணி

எங்கள் தேனீ வளர்ப்போர் சங்கத்துக்கு இணையதளம் தொடங்குகிறார்கள். அதில் 'எங்கள் வரலாறும் நோக்கமும்' என்று ஒரு பக்கம் வரவேண்டுமாம். இப்போதைய செயலாளர் ஒரு வரைவை என் கைபேசிக்கு அனுப்பி, பிழை இருந்தால் மட்டும் திருத்தித் தரும்படியும், முந்நூறு வார்த்தையைத் தாண்ட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். முப்பத்தோரு ஆண்டு அந்தச் சங்கத்தின் களப் பரிசோதகராகச் சம்பளம் வாங்கியவன் நான். பிழையை மட்டும் பார்ப்பதுதான் என் தொழில்.

வரைவில் எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. இரண்டு வரிகள்தான் உறுத்தின. ஒன்று: 'ஆய்வுக்கு வரும் பரிசோதகருக்குத் தூய வெள்ளைத் துணி வழங்கி மரியாதை செய்வது எங்கள் சங்கத்தின் தனிச்சிறப்பான மரபு.' மற்றொன்று: 'புழுநோய் பரவிய காலத்தில் பரிசோதகரின் அயராத உழைப்பால் ஸ்ரீரங்கம் தீவு காப்பாற்றப்பட்டது.'

முதல் வரியைப் படித்துச் சிரித்தேன். இரண்டாவது வரிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பரிசோதகர் நான்தான். அந்த நோயைத் தீவுக்குள் கொண்டுவந்தவனும் நான்தான். அயராமல் உழைத்துத்தான் கொண்டுவந்தேன். இதை முந்நூறு வார்த்தையில் சொல்ல முடியாது.

சங்கம் தொடங்கியபோது உறுப்பினர்கள் ஒன்பது பேர். மலைக்கோட்டைக்குக் கீழே ஜவுளிக் கடைகள் நெருக்கியடிக்கும் சந்து ஒன்றில், பாத்திரக் கடை மாடியில் ஓர் அறை பிடித்திருந்தார்கள். கடைக்காரருக்குத் தேனீ என்றால் நடுக்கம். எந்தப் பெட்டியும் மாடிப்படி ஏறாது என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கொடுத்தார். ஆக, திருச்சியில் தேனீ நுழையக் கூடாது என்று எழுத்துப்பூர்வமாகத் தடை செய்யப்பட்ட ஒரே அறை எங்கள் அலுவலகம்தான்.

பதிவுக்குக் கொடுத்த தாளில், நோக்கம் என்ற இடத்தில், தலைவர் இரண்டே வரி எழுதியிருந்தார். கூட்டைக் கொல்லாமல் தேன் எடுப்பது. எடுத்த தேனில் எதையும் கலக்காமல் விற்பது. அந்நாளில் தேன் எடுப்பது என்றால் அடியில் தீ மூட்டி, முட்டையும் புழுவும் இருக்கும் அடையை அப்படியே பிழிந்து, துணியில் வடிகட்டுவது. நோக்கம் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கலாமே என்று பதிவு அலுவலக எழுத்தர் சொன்னாராம். முதலில் இந்த இரண்டை எத்தனை பேர் செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அப்புறம் பெரிதாக்கலாம் என்று தலைவர் பதில் சொன்னாராம். இன்றுவரை பெரிதாக்க அவசியம் வரவில்லை.

தலைவர் ஆரோக்கியசாமி ஐயா, ரயில்வேயில் பெட்டி கட்டும் பிரிவில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, எஃகு ஸ்கேல் இருக்கும். தேனீப் பெட்டிக்குள் அடை தொங்கும் இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே ஈ நடமாட விடும் வழி கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் ஈக்கள் சட்டத்தை ஒட்டிவிடும், அதிகமானால் நடுவில் இன்னோர் அடை கட்டிவிடும். ரயிலில்கூட இவ்வளவு கறார் கிடையாது என்பார். யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. அவர் ஆயுதம் வேறு. பதிவேட்டை நம் பக்கம் திருப்பி, "படிங்க" என்பார். நாம் எழுதியதை நாமே உரக்கப் படிக்க வேண்டும். 'கூடு நன்று' என்று படித்தால், அடுத்த கேள்வி வரும்: "எதைப் பார்த்து எழுதினீங்க?" முட்டையைப் பார்த்தா, ராணியைப் பார்த்தா, அல்லது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதைப் பார்த்தா? முதல் ஆண்டில் நான் எழுதிய 'நன்று'களில் பாதி பஸ்ஸைப் பார்த்து எழுதியவை.

தேன் விற்பனையும் அந்த அறையில்தான். ஒருமுறை ஒருவர் தெருநாய் ஒன்றைக் கயிறு கட்டி மாடிக்கு இழுத்து வந்தார். சுத்தமான தேனை நாய் நக்காது என்பது அவர் நம்பிக்கை. தலைவர் ஒரு தட்டில் தேனை ஊற்றி வைத்தார். நாய் தட்டு பளபளக்கும் வரை நக்கியது. வந்தவர் வெற்றியோடு எங்களைப் பார்த்தார். தலைவர் அவரைப் பார்க்காமல் என்னிடம், நாய்க்கு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். வந்தவர் போய்விட்டார். நாய் ஒரு மாதம் வந்துகொண்டிருந்தது.

என் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தாவரவியல் பட்டம் வாங்கியவனை மூன்று மாதம் மலைப்பக்கம் அனுப்பினார்கள். கொட்டு வாங்கினேன், வீங்கியது, வற்றியது, சான்றிதழ் கொடுத்தார்கள். வேலையைத் தலைவர்தான் கற்றுக்கொடுத்தார்.

பெட்டியின் வாசலுக்கு நேரே நிற்கக் கூடாது. பக்கவாட்டில், வெயில் நம் முதுகில் விழும்படி நிற்க வேண்டும். அப்போதுதான் அடையின் கண்களுக்குள், முட்டையும் புழுவும் கிடக்கும் குழிகளுக்குள், வெளிச்சம் இறங்கும். புகைப்பானில் தேங்காய் நார். வாசலில் இரண்டு ஊது, மூடியைத் தூக்கி ஒன்று. அதற்கு மேல் ஊதுகிறவனுக்குப் பயம் என்று பொருள். ஓரத்துச் சட்டத்தை முதலில் எடுத்து வெளியே சாய்த்து வைத்தால் மற்றவற்றை நகர்த்த இடம் கிடைக்கும். சட்டத்தை எப்போதும் பெட்டிக்கு மேலேயே பிடிக்க வேண்டும். ராணி தவறி விழுந்தாலும் வீட்டுக்குள்ளேயே விழட்டும். பார்க்காத சட்டங்களின் மேல் ஒரு முழம் ஈரத்துணியைப் போர்த்த வேண்டும். இருட்டும் குளிர்ச்சியும் இருந்தால் ஈக்கள் கிளம்பாது. கத்தியையும் இடுக்கியையும் சட்டத்துக்குச் சட்டம் அந்தத் துணியிலேயே துடைத்துக்கொள்ள வேண்டும்.

ஈரத்துணியைத் தலைவர் கண்டுபிடித்தார் என்று சொல்ல மாட்டேன். எங்கள் சங்கத்தில் அதை விதியாக்கியவர் அவர். என்னிடம் இருந்தது ஒரு மல் வேட்டியின் துண்டு. நான்கு ஓரமும் மடித்துத் தைத்து, வேலைக்குப் போகும் பையில் தனி உறையில் வைத்திருந்தேன். துணி இல்லாமல் பெட்டியைத் திறக்கும் உறுப்பினர்களை ஏளனமாகப் பார்ப்பேன்.

அப்புறம் அந்த நோய் வந்தது. பெட்டியில் நாங்கள் வளர்ப்பது அடுக்குத் தேனீ. அதன் புழு, கூட்டுப்புழுவாக மாறவேண்டிய நேரத்தில், அடைக் கண்ணுக்குள் மல்லாந்து, தலை தூக்கி, படகு போல வளைந்து செத்துக் கிடக்கும். இடுக்கியால் எடுத்தால் நீர் கோத்த பையாக வரும். மருந்து கிடையாது. வளரும் ஈக்கள் செத்தால் கூடு சில வாரங்களில் காலியாகும். பக்கத்து மாவட்டங்களில் பெட்டிகளை அடுப்புக்கு விறகாக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது.

தலைவர் ஒரு வரைபடத்தை விரித்தார். ஸ்ரீரங்கத்துக்கு ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம். அடுக்குத் தேனீ அவ்வளவு அகலத்தைத் தாண்டி மேயப் போகாது. நோய் வருவதென்றால் பெட்டியோடு பாலம் வழியாகத்தான் வரவேண்டும். எனவே தீர்மானம் போட்டோம்: பரிசோதகர் கையெழுத்திட்ட சீட்டு இல்லாமல் பெட்டியோ, பழைய சட்டமோ, மெழுகோ பாலம் தாண்டக் கூடாது. நோய் கண்ட பெட்டி அன்றே எரிக்கப்படும். யார் மூலம் நோய் தீவுக்குள் வந்ததோ அவர் ஓராண்டு எந்தப் பெட்டியையும் தொடக் கூடாது. பதிவேட்டில் ஆறாவதாக ஒரு கட்டம் போட்டோம். தலைப்பு: நோய் வந்த வழி.

பெட்டிக்குச் சீட்டு வேண்டும். பரிசோதகருக்கு டவுன் பஸ் டிக்கெட் போதும். இதிலுள்ள ஓட்டையை ஒருவரும் பார்க்கவில்லை. தீர்மானத்தை எழுதிய நானும் பார்க்கவில்லை.

தீவில் மேலூரில், கொள்ளிடக் கரையோர வாழைத்தோப்பில் செங்கமலம் என்ற உறுப்பினர் பன்னிரண்டு பெட்டி வைத்திருந்தார். கணவர் பஸ் கண்டக்டர். பெட்டி முழுக்க முழுக்க செங்கமலத்தின் பொறுப்பு. தீவில் புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கூடு பிரித்துக் கொடுப்பவரும் அவரே. அவர் பிறந்தது துறையூர்ப் பக்கம். தங்களைவிட அதிகம் தேன் எடுக்கிறார் என்ற எரிச்சலில் மற்ற உறுப்பினர்கள் அவரைத் 'துறையூர்க்காரி' என்பார்கள். கல்யாணமாகிப் பதினைந்து ஆண்டு ஆகியும் அந்தப் பட்டம் போகவில்லை.

அந்தப் பொங்கலுக்கு அவருடைய அண்ணன் துறையூரிலிருந்து ஒரு வேனில் சீர் கொண்டுவந்தார். வேன் பாலம் தாண்டி வந்ததைத் தெருவே பார்த்தது.

பொங்கல் கழிந்த வாரம் என் சுற்று. காலையில் ஆற்றுக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்பில் ஆறு பெட்டி பார்த்தேன். இரண்டில் ஓரிரு புழுக்கள் சந்தேகமாக இருந்தன. இடுக்கியால் எடுத்துப் பார்த்தேன். விதிப்படி துணியில் துடைத்தேன். 'ஐயம், மறு பார்வை' என்று எழுதினேன். பஸ் ஏறிப் பகலில் மேலூர் போனேன். செங்கமலத்தின் தோப்பில் வெயில் வாகாக விழுந்த பெட்டிகளைத் தேடித் தேடி, இடையிடையே சிலவற்றைத் தாண்டி ஏழு பெட்டி பார்த்து முடித்தபோது அவர் மோர் கொண்டுவந்தார். தேனும் மெழுகும் பட்டுப் பிசுபிசுத்துக் கிடந்த என் துணியைப் பார்த்தார்.

"இதையா சார் குழந்தை படுத்திருக்கிற இடத்துல போர்த்துறீங்க?"

கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் பிடுங்கிக்கொண்டார். கத்தியையும் இடுக்கியையும் சேர்த்து வாங்கிக்கொண்டுபோய்ச் சோப்புப் போட்டுக் கழுவினார். வெந்நீரில் அலசிய வேறொரு துணியைக் கொடுத்தார். அதற்கு ஓரம் தைத்திருக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மீதி ஐந்து பெட்டியையும் அந்தத் துணியோடு பார்த்தேன். அதோடு தீவில் இன்னும் இரண்டு வீடுகளுக்குப் போய்விட்டு வீடு திரும்பினேன்.

தெற்கே அந்த இரண்டு பெட்டிகளுக்கும் நோய் உறுதியாகி, அடுத்த வாரமே எரித்தோம். அதற்கடுத்த வாரம் மேலூர் போனேன். செங்கமலத்தின் ஏழு பெட்டிகளில் புழுக்கள் மல்லாந்து கிடந்தன.

எரிப்பதற்கும் முறை உண்டு. ஈக்கள் எல்லாம் அடையும் வரை, பொழுது சாயும் வரை காத்திருக்க வேண்டும். வாசலைக் களிமண்ணால் அடைக்க வேண்டும். முழங்கால் ஆழக் குழி. தலைவர் வந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பெட்டிகளை வேறு யாரும் தூக்கக் கூடாது என்று சொல்லி, ஏழு பெட்டிகளையும் செங்கமலமே தூக்கிவந்து வைத்தார். உள்ளே இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. குழியில் மண் தள்ளி முடித்தபின் அவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "மீதி அஞ்சுக்கு ஏன் சார் வரலை?"

இனிமேல் வரும் என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

மறுநாள் ஆறாவது கட்டத்தை நிரப்பினேன். 'துறையூரிலிருந்து பொங்கல் சீரோடு வந்த பெட்டி மூலம்.' பெட்டியைப் பார்த்தவர் எவருமில்லை. வேனைப் பார்த்தவர்கள் இருந்தார்கள், துறையூர்க்காரி என்ற பட்டம் இருந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த ஒரு வரியின்படி அவர் ஓராண்டு பெட்டியைத் தொடக் கூடாது. தொடாமல் விட்டால் மிச்சமிருந்த ஐந்து கூடும் ஓராண்டு தாங்காது. அதைவிட, தீவுக்கு நோயைக் கொண்டுவந்தவள் என்ற பேர் அவரோடு கடைசிவரை இருக்கும்.

மூன்றாம் நாள் செங்கமலம் மலைக்கோட்டை அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"என் அண்ணன் கொண்டாந்தது கரும்பு ரெண்டு கட்டு, மஞ்சக்கொத்து, அரிசி, வெல்லம், ஒரு பித்தளைப் பானை. அந்தப் பானைக்குள்ள தேனீப்பெட்டி இருந்துச்சுன்னு சார் எழுதியிருக்காங்களா?"

தலைவர் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். "படிங்க." படித்தேன். "எதைப் பார்த்து எழுதினீங்க?"

ஊரே சொல்கிறது என்றேன்.

"ஊரு சொல்றதைச் சொல்ல ஊரு இருக்கு. நமக்கு எதுக்குப் பதிவேடு?"

செங்கமலம் தன் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து மேசைமேல் வைத்தார். துவைத்து மடித்திருந்தது. நான்கு ஓரமும் தைத்த என் துணி.

"ஏழு பெட்டியை இந்தத் துணி போட்டுப் பார்த்தாங்க. மோர் குடிச்சாங்க. அஞ்சு பெட்டியை என் துணி போட்டுப் பார்த்தாங்க. அஞ்சும் நல்லா இருக்கு. அப்புறம் போன ரெண்டு வீட்டுக்கும் என் துணிதான் போச்சு. நான் நேத்து போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்துட்டு வந்தேன் ஐயா. அங்கேயும் ஒண்ணுமில்லை."

தலைவர் அந்தத் துணியை விரித்துப் பார்த்தார். பிறகு என்னிடம், அன்றைக்குக் காலையில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். பதிவேட்டில் ஒரு பக்கம் பின்னால் தள்ளினேன். என் கையெழுத்தில் நானே படித்தேன்: தெற்குத் தோப்பு, ஆறு பெட்டி, இரண்டில் ஐயம், மறு பார்வை.

என்னிடம் வாதங்கள் இல்லாமல் இல்லை. துணியால் நோய் பரவும் என்று எனக்குக் கொடுத்த கையேட்டில் இல்லை. பக்கத்துப் பெட்டிக்கு ஈக்கள் வழி தவறிப் போகும், அப்படியும் பரவும். இதைச் சொல்ல வாயெடுத்தவன், பெட்டி எண்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். நோய் கண்ட ஏழும் அடுத்தடுத்து இருந்தவையல்ல. வெயில் பார்த்து நான் தாண்டித் தாண்டித் திறந்திருந்தேன். நோயும் அதே மாதிரி தாண்டித் தாண்டி வந்திருந்தது. நான் திறந்த வரிசையை அது ஓர் எண் பிசகாமல் பின்பற்றியிருந்தது. என்னைவிட முறை தெரிந்த நோய்.

தலைவர் பேனாவை நீட்டினார். பதிவேட்டில் திருத்தம் செய்ய எங்களுக்கு ஒரு விதி உண்டு. தவறைக் கிறுக்கி மறைக்கக் கூடாது. ஒரே கோடு போட்டு அடிக்க வேண்டும். அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். துறையூர் என்று தொடங்கும் அந்த வரியின்மேல் கோடு போட்டேன். 'பரிசோதகரின் ஈரத்துணி மூலம்' என்று எழுதி ஒப்பமிட்டேன்.

தலைவர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, சிவப்புப் பென்சிலால் கீழே ஒரு வரி சேர்த்தார்: 'துணியைப் போர்த்தக் கற்றுக்கொடுத்தவர் தலைவர்.' அதற்கும் ஒப்பமிட்டார். யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை.

அப்புறம் தண்டனை. தீர்மானம் உறுப்பினர்களுக்குத்தானே, நான் ஊழியன் அல்லவா என்று கேட்டுப் பார்த்தேன். அவர் தீர்மானத்தை எடுத்துக் காட்டினார். உறுப்பினர் என்று அதில் இல்லை, 'யார் மூலம்' என்றுதான் இருந்தது. ஓட்டையில்லாமல் எழுதியவன் நான்.

தலைவர் தன் பெட்டிகளை ஓராண்டுக்கு மருமகனிடம் ஒப்படைத்தார். நான் அந்த ஓராண்டும், தேனீ நுழையக் கூடாத அந்த அறையில் உட்கார்ந்து பாலத்துக்குச் சீட்டு எழுதினேன். தீவின் பெட்டிகளைச் சுற்றிப் பார்த்தது செங்கமலம். வெறுங்கையோடு போவார். துணி, கத்தி, இடுக்கி மூன்றும் அந்தந்த வீட்டிலேயே இருக்க வேண்டும், வெந்நீரில் அலசி வைத்திருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். துணி தராத வீட்டில் பெட்டியைத் திறக்காமல் திரும்பிவிடுவார். அவர் எழுதிய பக்கங்களை நான்தான் படியெடுத்தேன். ஓர் இடத்தில்கூட 'நன்று' என்று இல்லை. 'ராணியைப் பார்க்கலை, முட்டை பார்த்தேன், மூணு சட்டம்' என்றுதான் இருக்கும். தலைவர் அவரிடம் ஒருமுறைகூட "படிங்க" என்று சொன்னதில்லை.

அந்த ஏழுக்குப் பிறகு தீவில் எட்டாவது பெட்டியை எரிக்கவில்லை. ஆற்றுக்குத் தெற்கே தோப்புகள் காலியாகிவிட்டன. நோய் ஓய்ந்தபின் அங்கே திரும்பக் கூடு வைக்க ஈக்கள் தீவிலிருந்துதான் போயின. செங்கமலத்தின் ஐந்து பெட்டிகளிலிருந்து பிரித்தவை நிறைய. பாலத்துக்கான சீட்டுகளை நான் எழுதினேன். வாழ்நாளில் மனமார எழுதிய சீட்டுகள் அவை.

தன் பரிசோதகனையும் தலைவனையும் நோய் வந்த வழியாகத் தன் பதிவேட்டிலேயே எழுதி வைத்துக்கொண்ட சங்கம் இது. வேறு எத்தனையோ சங்கங்களின் ஆண்டறிக்கைகளைப் படித்திருக்கிறேன். அவற்றில் நோய்கள் எப்போதும் வெளியிலிருந்துதான் வருகின்றன. எங்கள் ஆறாவது கட்டம் அப்படி இல்லை. அதில் எனக்குள்ள பெருமையை எந்தப் பொன்னாடையும் கொடுக்கவில்லை. வெள்ளைத் துணி மரியாதைக்காகக் கொடுப்பது அல்ல என்பதைப் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பரிசோதகரை நம்ப வேண்டாம் என்பதற்காகக் கொடுப்பது. அவர்கள் முதலில் கற்க வேண்டியதே அதுதான்.

இதையெல்லாம் எழுதிவிட்டு, பேரைப் போடலாமா என்று கேட்க மேலூருக்குப் போன் செய்தேன். செங்கமலம் இப்போதும் பெட்டி வைத்திருக்கிறார். நான் எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். முழுவதையும் கேட்டார். பித்தளைப் பானை வந்த இடத்தில் மட்டும் குறுக்கிட்டு, அது இன்னும் இருக்கிறது என்றார். பேரை எப்படிப் போடட்டும், மேலூர் செங்கமலம் என்று போடட்டுமா என்று கேட்டேன்.

"மேலூர் வேண்டாம் சார். துறையூர்னு போடுங்க."

செயலாளர் கவனத்துக்கு: இணையதளத்தில் 'பரிசோதகரின் அயராத உழைப்பால்' என்ற சொற்களை அடித்துவிட்டு, 'துறையூர் செங்கமலத்தால்' என்று போடவும். ஒரே கோடு. அடித்தது படிக்கும்படி இருக்கட்டும்.